தேய்த்துக் கழுவத் தேவையில்லாத கறைகள்

கடலூரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கருங்கல் கிடந்தால், அது வேறு ஊரிலிருந்து வண்டியேறி வந்த கல் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். நம் காலடியில் இருப்பதெல்லாம் ஆற்று வண்டலும் கடற்கரை மணலும், ஊரை ஒட்டி மலை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கேப்பர் மலைச் செம்மண் மேடும்தான். அந்த மேட்டில் உள்ள கல்லைப் புவியியலாளர்கள் ‘கடலூர் மணற்கல்’ என்று நம் ஊர்ப் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள்; இரும்புச் சத்தால் சிவந்து, விரலால் அழுத்தித் தேய்த்தாலே பல இடங்களில் உதிர்கிற கல் அது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் புதைந்து கிடப்பதும் இதே படிவத்தில்தான். கருங்கல் வேண்டுமென்றால் திண்டிவனம், செஞ்சிப் பக்கம்தான் போகவேண்டும்.

அப்படி வந்து சேர்ந்தவைதாம் கூத்தப்பாக்கத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டில் கிடக்கும் அம்மியும், ஆட்டுக்கல்லும், அஸ்திவாரம் போட்டபோது மிஞ்சிய கற்களும், வேலிக்கு நட்ட கல்கால்களும். அவற்றோடு பழைய கிணற்றின் சுண்ணாம்புக் காரைக் கைப்பிடிச் சுவர், பிற்காலத்தில் கட்டிய சிமெண்ட் தொட்டி, செடிகளுக்கு வரப்புப் போட என் தந்தையார் கொண்டுவந்து பதித்த செந்நிற மணற்கல் துண்டுகள் ஆகியவையும் அருகருகே இருக்கின்றன. ஒரே வெயிலும் ஒரே மழையும் படுகிற இடத்தில் இத்தனை வகை மேற்பரப்புகள் இருந்தும், அவற்றின் மேல் குடியேறியிருக்கும் லைக்கன்கள் ஒன்றுபோல் இல்லை. கல்லில் வாழும் லைக்கனை இனங்காண விரும்புகிறவர் முதலில் கூர்ந்து பார்க்கவேண்டியது அது ஒட்டியிருக்கும் கல்லைத்தான் என்று நான் கருதுவதற்கு இந்தப் பின்கட்டே காரணம்.

லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும், ஒளிச்சேர்க்கை செய்யவல்ல பாசியோ நீலப்பச்சைப் பாசியோ ஒன்றும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். பூஞ்சை இழைகள் உடலைக் கட்டி, ஈரத்தைப் பிடித்து வைத்துக் கடும் வெயிலிலிருந்து பாசியைக் காக்கின்றன. பாசி உணவு தயாரித்துக் கொடுக்கிறது. இந்த உண்மையை 1860-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் முன்வைத்தபோது, லைக்கன்களையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டிருந்த பெரிய அறிஞர்கள் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சில லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகையைச் சேர்ந்த இன்னொரு பூஞ்சையும் இருப்பதைக் காட்டிக் கணக்கை மேலும் சிக்கலாக்கியது. எத்தனை பேர் கூடியிருந்தாலும், லைக்கனுக்கு நாம் வழங்கும் அறிவியல் பெயர் அதிலுள்ள முதன்மைப் பூஞ்சையின் பெயர்தான். உள்ளே இருக்கும் பாசிக்குத் தனிப்பெயர் உண்டு.

பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் மளிகைக் கடையில் வாங்குகிறோமே, ஒரு பக்கம் சாம்பலும் மறுபக்கம் கறுப்புமாகச் சுருண்டிருக்கும் கல்பாசி, அதுவும் பார்மோட்ரீமா இனத்தைச் சேர்ந்த லைக்கன்தான். அது மலைப்பகுதிகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் விளைவது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுக் கல்லைச் சுரண்டிக் குழம்பில் போட்டுவிட வேண்டாம். லைக்கன்கள் காற்றிலும் மழைநீரிலும் வரும் உலோகத் துகள்களைத் தம் உடலில் சேர்த்து வைத்துக்கொள்பவை. மேலும், கல்லோடு கல்லாக ஒட்டியிருப்பதைச் சுரண்டினால் கைக்கு வருவது பெரும்பாலும் கல்தூளாகத்தான் இருக்கும்.

இனங்காணுவதில் உள்ள பாதித் தொல்லை, லைக்கன் போலத் தோன்றும் பிறவற்றை ஒதுக்குவதில் இருக்கிறது. கடற்காற்று வீசும் ஊரில் சுவர்களில் உப்புப் பூப்பது இயல்பு. அந்த வெள்ளைப் பூப்பு விரலால் தடவினால் மாவாக உதிரும், நீர் பட்டால் கரைந்து மறையும், காய்ந்ததும் வேறு உருவில் திரும்ப வரும். மழைநீர் வழியும் சுவரில் மேலிருந்து கீழாக இறங்கும் கறுப்புத் தாரைகள் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசிகள். அவற்றுக்கு விளிம்பென்று ஒன்று இராது, நீர் போன வழியே போயிருக்கும். மதிற்சுவரின் நிழற்பக்கத்திலும் தென்னை மரத்தின் அடியிலும் காவி நிறத்தில் வெல்வெட்டுத் துணி போலப் படர்ந்திருப்பது ட்ரென்டெபோலியா என்னும் பாசி. நிறத்தைப் பார்த்துப் பலர் அதைக் காளான் என்கிறார்கள். சில லைக்கன்களுக்குள் குடியிருக்கும் பாசி இதே இனத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், சுவரில் தனித்துப் படர்ந்திருக்கும்போது அது லைக்கன் ஆகாது. கால் வழுக்கச் செய்யும் பச்சைப் படலம் வேறு, சிறு இலைகளோடு மெத்தையாக வளரும் மாஸ் வேறு. சுண்ணாம்புத் தெறிப்பு, பெயிண்ட்டுச் சொட்டு, காக்கை எச்சம் ஆகிய மூன்றும் எனக்கு இன்றும் தொலைவிலிருந்து லைக்கனாகத் தெரிவதுண்டு. அருகே போய் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

லைக்கனுக்கு எல்லை உண்டு. அது நடுவிலிருந்து வெளிநோக்கி வளர்வதால் வட்டமாகவோ, வட்டங்கள் ஒன்றோடொன்று முட்டி நெளிந்த கோட்டுருவமாகவோ தெரியும். பரப்பின் மேல் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஆரஞ்சாகவோ குண்டூசித் தலையளவுக்கும் குறைவான வட்டுகள் இருந்தால், அவை பூஞ்சையின் வித்துகள் உருவாகும் கனியுடல்கள்; அவற்றைக் கண்டபின் சந்தேகத்திற்கு இடமில்லை. அவை இல்லாதபோது நான் செய்வது ஒரு சொட்டு நீர் விடுவதுதான். சாம்பல் நிறமாக இருந்த பரப்பு நொடிகளில் பச்சை காட்டினால் அது லைக்கன். காய்ந்திருக்கும்போது ஒளியைச் சிதறடிக்கும் மேல்தோல், நனைந்ததும் ஊடுருவிப் பார்க்கத்தக்கதாகி, அடியில் இருக்கும் பாசியின் பச்சையை வெளியே விடுகிறது. உப்பும் பெயிண்ட்டும் எவ்வளவு நனைத்தாலும் பச்சையாகப் போவதில்லை. நீலப்பச்சைப் பாசியைக் கொண்ட கருநிற லைக்கன்களில் மட்டும் இந்தப் பச்சை தெளிவாகத் தெரியாது.

இனி அம்மிக்கு வருகிறேன். மிக்சி வந்தபின் பின்கட்டுக்குப் போன எத்தனையோ அம்மிகளில் இதுவும் ஒன்று. தெருவில் கூவிக்கொண்டு வருபவர் உளியால் கொத்திக் கொடுத்த புள்ளிகள் இன்னும் அதன் மேல்முகத்தில் இருக்கின்றன; அரைத்து அரைத்து வழுவழுப்பான நடுப்பகுதியில் ஒன்றுமே இல்லாதிருக்க, உளிக்குழிகள் ஆழமாக எஞ்சிய ஓரத்தில்தான் லைக்கன் தொடங்கியிருக்கிறது. குழியில் பனித்துளி சிறிது கூடுதல் நேரம் நிற்கும், காற்றில் வரும் துகள் அங்கே தங்கும் என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. செதுக்காத பக்கவாட்டு முகங்களிலோ இடமே இல்லாமல் நிறைந்திருக்கிறது.

அங்கே இருப்பவை பெரும்பாலும் கல்லோடு இறுக ஒட்டிய சாம்பல் நிற வட்டங்கள். ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள மடல்கள் விரல்களாகப் பிரிந்து கல்லின் மேல் நகர்ந்திருக்கின்றன. மடல்களின் நுனிகளில் விபூதி தூவினாற்போல் வெள்ளைப் பூச்சு. நடுப்பகுதிக்கு வர வர மடல்கள் மறைந்து, மாவுத்துகள் திரண்ட சிறு மேடுகள். அந்த மாவுத்துகள் ஒவ்வொன்றிலும் சில பாசி உயிரணுக்களும் அவற்றைச் சுற்றிய பூஞ்சை இழையும் சேர்ந்தே இருப்பதால், அது காற்றிலோ எறும்பின் காலிலோ போய் இன்னொரு கல்லில் விழுந்தால், இருவரையும் தனித்தனியே தேடவேண்டிய தேவையின்றிப் புதிய லைக்கன் தொடங்கிவிடும். நம் சமவெளிகளில் இப்படித் தோன்றும் சாம்பல் வட்டங்களில் பிக்சைன், டிரினேரியா என்னும் இரு இனங்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. வெறுங்கண்ணுக்கு இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புறஊதா டார்ச்சை எடுத்துக்கொண்டு இரவில் பின்கட்டுக்குப் போகவேண்டும். தென்னையால் பெயர் பெற்ற பிக்சைன் கோகோஸ் என்னும் இனத்தின் மேல்தோலில் லைக்கெக்சாந்தோன் என்னும் வேதிப்பொருள் இருப்பதால், அது அந்த ஒளியில் பளிச்சென்ற மஞ்சளாக ஒளிரும். அருகிலுள்ள டிரினேரியா மங்கலாகவே நிற்கும். முதன்முறை பார்ப்பவர்களுக்கு, இத்தனை நாள் கறை என்று நினைத்தது இதுவா என்ற வியப்பு முகத்திலேயே தெரியும். எங்கள் வீட்டுத் தென்னை மரத்தில் ஒளிர்கிற அதே மஞ்சள் அம்மியின் பக்கவாட்டிலும் ஒளிர்வதைக் கண்ட பிறகு, மரத்து லைக்கன், கல் லைக்கன் என்று கறாராகக் கோடு போடுவதை நான் விட்டுவிட்டேன்; பெரும்பாலானவை ஏதேனும் ஒன்றைத்தான் விரும்பும் என்றாலும் சில இரண்டிலும் வாழும்.

இந்த வட்டங்களின் வயதை ஓரளவு என்னால் சொல்லமுடிகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்த மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் சாய்ந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பின்கட்டுப் பலாவும் அன்றுதான் விழுந்தது. அதன் நிழலில் அதுவரை பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்த அம்மிக்கு அதன் பிறகே முழு வெயில் கிடைத்தது. பச்சை காய்ந்து உதிர்ந்த பல மாதங்களுக்குப் பின் சாம்பல் புள்ளிகள் தென்படலாயின. இன்று அவற்றில் பெரியது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. கல்லோடு ஒட்டி வளரும் லைக்கன்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் நகர்கின்றன. இந்த நிதானத்தையே அளவுகோலாகக் கொண்டு, பனிப்பாறைகள் பின்வாங்கிப் போன இடங்களில் கற்கள் எப்போது வெளிப்பட்டன என்று கணிக்கும் முறையை ஆஸ்திரியரான ரோலண்ட் பெஷெல் 1950-ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். அவருடைய குளிர்நாட்டு அளவுகளை நம் ஊர் வெயிலுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆனால் புயல் நாள் தெரிந்த ஒவ்வொரு வீட்டிலும் அதற்கான உள்ளூர் அளவுகோல் ஒன்று சத்தமில்லாமல் உருவாகிக்கொண்டிருக்கிறது.

கிணற்றுச் சுவருக்குப் போனால் காட்சி மாறிவிடும். சுண்ணாம்புக் காரை காரத்தன்மை உடையது. கருங்கல்லோ சிலிக்கா மிகுந்தது. சுண்ணாம்பை விரும்புபவை கருங்கல்லில் அரிதாகவே குடியேறும், கருங்கல்லை விரும்புபவை சுண்ணாம்பை அண்டுவது கடினம். எங்கள் கிணற்றுச் சுவரின் மேல்விளிம்பில், காக்கைகள் வந்து உட்காரும் இடமாகப் பார்த்து, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த மெல்லிய படலமாகக் கலோப்ளாக்கா வகை லைக்கன் படர்ந்திருக்கிறது. பறவை எச்சத்தின் நைட்ரஜன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பலவற்றுக்கு உகந்தது என்பதால், காக்கைக்கு வைக்கும் சோற்றுக்கும் இந்த நிறத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று வீட்டில் நான் சொல்வதுண்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆரஞ்சு நிறத்தைத் தருவது பாரியட்டின் போன்ற நிறமிகள். அவை கடும் வெயிலிலிருந்து உள்ளிருக்கும் பாசியைக் காக்கும் திரையாகவும் பயன்படுகின்றன. இந்தக் கலோப்ளாக்காவின் உறவுக்காரரான சாந்தோரியா எலகன்ஸ் என்னும் ஆரஞ்சு லைக்கனை, 2005-இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ரஷ்ய விண்கலம் ஒன்றில் வைத்து இரண்டு வாரங்களுக்கு மேல் வெட்டவெளியில் திறந்து வைத்தது. பூமிக்குத் திரும்பிய அது மீண்டும் ஒளிச்சேர்க்கை செய்தது. நம் ஊர்க் கத்திரி வெயிலை ஒரு சுவர் லைக்கன் தாங்குவதில் அதன் பிறகு எனக்கு வியப்பு குறைந்துவிட்டது.

அதே சுவரின் ஈரமான கீழ்ப்பகுதியில் கரும்பழுப்பு நிறத்தில், காய்ந்த சேற்றுப் பொருக்குகளைப் போல ஒன்றையொன்று தழுவிய சிறு செதில்கள் இருக்கின்றன. எண்டோகார்ப்பான், பெல்டியூலா ஆகிய இனங்கள் இத்தகைய தோற்றம் கொண்டவை. நாட்டின் பழைய கோயில்களிலும் கோட்டைகளிலும் இவற்றை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் சுவரில் இருப்பது இவற்றில் எது என்று நுண்ணோக்கியின்றிச் சொல்ல நான் துணியமாட்டேன். செதில்களின் மேல் அங்கங்கே வளைந்து வளைந்து செல்லும் வெளிறிய தடங்கள் நத்தை மேய்ந்து போனவை; மழைக்காலத்து விடியலில் போனால் மேய்ந்துகொண்டிருக்கும் நத்தையையே பார்க்கலாம்.

சிமெண்ட் தொட்டியும் காரத்தன்மை உடையதுதான். அது பழையதாகி மழையில் கழுவப்பட்டு மேற்பரப்பு சொரசொரப்பான பின்னரே லைக்கன்களுக்கு இடம் தந்தது. மணற்கல் துண்டுகளில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கல்லே ஆண்டுக்காண்டு உதிர்ந்துகொண்டிருக்க, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்பவர்களுக்கு அங்கே காலூன்ற நேரம் ஏது? துவைக்கும் கல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சோப்பும் அடியும் நாள்தோறும் விழும் இடத்தில் எதுவும் வாழாது.

லைக்கன்களின் வடிவத்தை வைத்து ஓடு போல் ஒட்டியவை, இலை போல் விரிந்தவை, புதர் போல் தொங்குபவை என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். மூன்றாம் வகை எங்கள் கற்களில் இல்லை. கோரமண்டல் கடற்கரையோர மாமரங்களில் அதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு: சாம்பல் நிற நாடாக்களாகத் தொங்கும் ரோசெல்லா மான்டாக்னெயி. வேதியியல் ஆய்வகத்தில் அமிலமா காரமா என்று காட்டும் லிட்மஸ் சாயம் ரோசெல்லா இனங்களிலிருந்துதான் முதலில் எடுக்கப்பட்டது. இந்தக் குறிப்பிட்ட இனத்துக்குப் பெயரிட்டு வெளியிட்டவர் சார்லஸ் பெலாஞ்சே என்னும் பிரெஞ்சுக்காரர். 1826-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரித் தாவரவியல் பூங்காவின் தொடக்கக் காலத்தோடு தொடர்புடையவர் அவர் என்பதை அறிந்தபோது, அந்தப் பூங்காவுக்கு ரோஜாச் செடிகளைப் பார்க்க மட்டும் போய்வந்துகொண்டிருந்த நான், அடுத்த முறை மரங்களின் தண்டுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

லைக்கன்களைப் பார்ப்பதற்கு ஏற்ற காலம் மார்கழி. வடகிழக்குப் பருவமழையில் நனைந்து ஊறிய பிறகு, விடியற்காலைப் பனி கல்லின் மேல் இறங்கும்போது அவை விழித்திருக்கும். வெயில் ஏறி உலர்த்தும் வரை கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் அன்றைய உணவைத் தயாரிக்கவேண்டும். பச்சைப் பாசியைக் கொண்ட பல லைக்கன்களுக்குக் காற்றின் ஈரப்பதமே விழித்தெழப் போதுமானது. நீலப்பச்சைப் பாசியைக் கொண்டவற்றுக்கு நீராகவே படவேண்டும். எனவே கோலம் போட வாசலுக்கு வரும் நேரத்தில் பின்கட்டுக்கும் ஒருமுறை போனால், பகலில் சாம்பலாகக் கிடக்கும் கல் இளம்பச்சையாக இருப்பதைக் காணலாம். சித்திரை, வைகாசியில் அவை காய்ந்து உறங்குகின்றன. அப்போது நீர் தெளித்து உதவி செய்கிறேன் என்று நினைக்கவேண்டாம். காய்ந்த நிலையில் கடும் வெப்பத்தைத் தாங்குபவை, நனைந்த நிலையில் அதே வெப்பத்தில் கெட்டுப்போகக்கூடும்.

லைக்கன் இருந்தால் காற்று தூய்மையாக இருக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. பாரிஸ் நகரின் லக்சம்பர்க் பூங்காவில் வளர்ந்த லைக்கன்களை வைத்து நகரக் காற்றின் தன்மையை உணரலாம் என்று வில்லியம் நைலாண்டர் 1866-இலேயே எழுதினார். ஷ்வெண்டனரின் கருத்தை ஏற்க மறுத்தவர்களில் ஒருவரும் இவர்தான். வேரும் மெழுகுத் தோலும் இல்லாததால் காற்றில் வரும் கந்தக டை ஆக்சைடு அவற்றின் உடலுக்குள் தடையின்றிப் புகுந்து பாசியைக் கொன்றுவிடுகிறது. ஆனால் எல்லா லைக்கன்களும் ஒரே அளவு மென்மையானவை அல்ல. பிக்சைன் கோகோஸ் நகரத் தூசியிலும் புகையிலும் தாக்குப்பிடிப்பது. ஆகவே அம்மியில் சாம்பல் வட்டம் இருக்கிறது என்பதற்காகத் தெருவின் காற்றுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. கடலோரத்தில் உப்புக் காற்றும் குறுக்கே நிற்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க வந்தவர் கிணற்றுச் சுவரைப் பார்த்துவிட்டு, “ஐயா, இது பூரா அழுக்கு ஏறிப்போயிருக்குது, ஆசிட் ஊத்திக் கழுவிட்டு அடிச்சா பளிச்சுன்னு இருக்குங்க” என்றார். அவர் தொழிலில் அது நியாயமான யோசனைதான். வேண்டாம் என்றதும், காசுக்குத் தயங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார். லைக்கன் கல்லை அரிக்குமா என்று கேட்டால், அரிக்கும். பூஞ்சை இழைகள் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்குவதும், அவை சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் கனிமங்களைக் கரைப்பதும் உண்மை. கல்வெட்டும் சிற்பமும் உள்ள கோயில் கற்களில் அது கவலைக்குரிய செய்தி. வீட்டு அம்மிக்கு ஒரு பாட்டில் ஆசிட் ஒரே நாளில் செய்யும் கேட்டை லைக்கன் செய்து முடிக்க நம் ஆயுள் போதாது. தென்னையிலும் மாவிலும் அவை ஒட்டியிருப்பதைக் கண்டு நோய் என்று பயந்து மருந்தடிப்பதும் தேவையில்லை. அவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை.

கல்லில் தயிர் பூசி வைத்தால் லைக்கன் விரைவாக வளரும் என்ற குறிப்பு பல இடங்களில் சொல்லப்படுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதனால் வருவது பூசணமும் எறும்பு வரிசையும்தான். நடமாடும் பாதையில் உள்ள வழுக்குப் பாசியைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவதில் தவறில்லை; பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர் மட்டும் லைக்கன் உள்ள கற்களின் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், ஏனெனில் அது பட்ட இடத்தில் லைக்கன் வெளுத்துச் செத்துவிடும். வீட்டை இடித்துக் கட்டும்போது கற்களை நகர்த்த வேண்டி வந்தால், வானத்தைப் பார்த்திருந்த முகம் வானத்தையே பார்க்கும்படியும், கிழக்கு வெயில் பட்ட பக்கம் கிழக்கு நோக்கியே இருக்கும்படியும் வைத்தால் போதும். கற்களை மணலில் புதைத்து வைப்பதும், தார்ப்பாயால் மூடி வைப்பதும் கூடாது.